யூஆர் வாடகை வீடு: ஜாமீன் கேட்காத ஜப்பானிய வீட்டுக்காரர்

டோக்கியோவில் மாதம் 1,20,000 யென் வாடகையில் தனியார் வீடு ஒன்றைப் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாத வாடகை 1,20,000. ஷிகிகின் எனப்படும் அட்வான்ஸ் ஒரு மாதம். ரெய்கின் என்ற பெயரில் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு இன்னொரு மாதம். இது திரும்பி வராது. புரோக்கர் கமிஷன் வரியோடு 1,32,000. வாடகை பாக்கிக்குப் பொறுப்பேற்கும் ஜாமீன் நிறுவனத்துக்கு வாடகையில் பாதி, 60,000. தீ விபத்துக் காப்பீடு 20,000 பக்கம். சாவி கைக்கு வருமுன் 5,72,000 யென் கரைந்துவிடும். இவ்வளவையும் எடுத்து வைக்கத் தயாராக இருந்தாலும் "வெளிநாட்டவருக்குக் கொடுப்பதில்லை" என்று ஒரே வரியில் பதில் வரலாம். 2016 இறுதியில் ஜப்பான் நீதி அமைச்சகம் நடத்திய ஆய்வில், முந்தைய ஐந்தாண்டில் வீடு தேடிய வெளிநாட்டவரில் 39.3 விழுக்காட்டினர், வெளிநாட்டவர் என்பதாலேயே வீடு கிடைக்காமல் போனதாகச் சொன்னார்கள்.

இந்தச் சந்தையில் யூஆர் எனப்படும் நகர மறுமலர்ச்சி முகமை தனி ரகம். 1955ல் ஜப்பான் வீட்டுவசதிக் கழகமாகத் தொடங்கியது. 2004ல் இன்றைய அமைப்புக்கு மாறிய அரசு சார்ந்த முகமை. கையில் சுமார் 7 லட்சம் வாடகை வீடுகள். ரெய்கின் கிடையாது, கமிஷன் கிடையாது, ஜாமீன் ஆளும் வேண்டாம், ஜாமீன் நிறுவனமும் வேண்டாம். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் போட்டு தானாகவே நீளும். அதற்கும் கட்டணம் இல்லை. அட்வான்ஸ் மட்டும் இரண்டு மாதம்.

"அரசு வீடு, அதனால் மலிவு" என்று நினைத்துப் போகிறவர்கள்தான் முதலில் ஏமாறுகிறார்கள். குறைந்த வருமானக்காரர்களுக்காக மாநகராட்சியும் மாகாணமும் நடத்தும் வீடுகள் வேறு. யூஆர் வாடகை அக்கம்பக்கத்துச் சந்தை விலையை ஒட்டித்தான் வைக்கப்படுகிறது. மாத வாடகையை மட்டும் பார்த்தால் சில இடங்களில் பக்கத்துத் தனியார் வீடே குறைவாகத் தெரியும். ஆகவே நான்கு வருடக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதே 1,20,000 யென் தனியார் வீட்டில் ரெய்கின் 1,20,000, கமிஷன் 1,32,000, ஜாமீன் நிறுவனம் 60,000, இரண்டாண்டு முடிவில் ஒப்பந்தப் புதுப்பிப்புக்கு ஒரு மாத வாடகை 1,20,000. மொத்தம் 4,32,000. இதை 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 9,000. யூஆர் வாடகை தனியாரைவிட 9,000 யென் கூடுதலாக இருக்கும்வரை நஷ்டமில்லை. ஒரே வருடத்தில் கிளம்பிவிடுவீர்கள் என்றால் கணக்கு இன்னும் யூஆர் பக்கமே சாயும். புதுப்பிப்புப் பணத்தை விட்டுவிட்டாலும் 3,12,000 யென்னை 12 மாதத்துக்குப் பிரிக்கிறீர்கள், மாதம் 26,000.

தகுதி விதிகளில் மனித மனத்துக்கு இடமே இல்லை, எல்லாம் கூட்டல் கழித்தல். இதுதான் யூஆரின் பெரிய பலம். வசிப்பிட அட்டை வைத்திருக்கும் நடுத்தர, நீண்டகால விசாக்காரர்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். குறுகிய கால வருகை விசாவில் வந்தவர்களுக்கு வழியில்லை. குடும்பமாகக் குடியேறினால், வாடகை 82,500 யென்னுக்குக் கீழ் இருக்கும்போது மாத வருமானம் அதன் நான்கு மடங்கு இருக்க வேண்டும். 82,500 முதல் 2 லட்சத்துக்குள் என்றால் வருமானம் 3,30,000 போதும். தனி ஆளாக இருந்தால் 62,500 வரை நான்கு மடங்கு. அதற்கு மேல் 2 லட்சத்துக்குள் 2,50,000. வாடகை 2 லட்சமோ அதற்கு மேலோ போனால் இருவருக்குமே 4 லட்சம். போனஸ் உட்பட ஆண்டு வருமானத்தை 12ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். கையில் வாங்கும் சம்பளத்தை அல்ல, பிடித்தத்துக்கு முந்தைய தொகையை. இந்த விதியில் ஒரு வேடிக்கை உண்டு. மாதம் 2,50,000 சம்பாதிக்கும் தனி ஆள் 1,90,000 யென் வீட்டைக்கூட எடுத்துவிடலாம், விதி தடுக்காது. தடுக்க வேண்டியது அவருடைய சொந்த புத்திதான்.

வருமானம் எட்டாதவர்களுக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. வாடகையைப் போல நூறு மடங்கு சேமிப்பைக் காட்டலாம். 1,20,000 யென் வீட்டுக்கு 1 கோடியே 20 லட்சம் யென். பெரும்பாலானோருக்கு இது பேச்சுக்குத்தான். நடைமுறையில் உதவுவது மற்றொன்று. ஒரு வருடம் முதல் பத்து வருடம் வரையிலான வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டினால் வருமானத்தையே கேட்பதில்லை, வாடகையில் சிறு தள்ளுபடியும் உண்டு.

காகிதங்களில் புதிதாக வந்தவர்கள் சிக்கும் இடம் வரிச் சான்று. அதைக் கொடுப்பது நீங்கள் இப்போது வசிக்கும் வார்டு அலுவலகம் அல்ல, அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று உங்கள் முகவரி எங்கே பதிவாகியிருந்ததோ அந்த அலுவலகம். மார்ச்சில் ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்கு மாறியவர் ஒசாகாவுக்கே எழுதிக் கேட்க வேண்டும். ஜனவரி 1க்குப் பிறகு ஜப்பானுக்குள் வந்தவருக்கு எங்கேயும் சான்று இருக்காது. அவர் வேலை தரும் நிறுவனத்திடம், இனி வரப்போகும் சம்பளத்தைக் குறிப்பிட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கடிதத்தை வீடு பார்க்கப் போகும் முன்பே கேட்டு வையுங்கள். பல நிறுவனங்களில் மனிதவளப் பிரிவின் முத்திரை விழவே ஒரு வாரம் ஆகும். அதற்குள் நீங்கள் பிடித்துவைத்த வீடு கைநழுவும். இதோடு குடும்பத்தினர் எல்லோர் பெயரும் உள்ள வசிப்பிடப் பதிவு நகல், எல்லோருடைய வசிப்பிட அட்டை. ஒப்பந்தமும் விளக்கமும் ஜப்பானிய மொழியில்தான் நடக்கும். மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்வது நல்லது.

வீடு கொடுப்பது முந்துகிறவருக்கே. புதிதாகக் கட்டிய வளாகங்களுக்கு மட்டும் குலுக்கல். மற்றவை காலியாகக் காலியாக இணையதளத்தில் ஏறும், நல்ல வீடு அன்றைக்கே போய்விடும். பிடித்த வளாகத்தைக் குறித்துக்கொண்டு தினமும் காலையில் ஒரு நடை பார்ப்பதுதான் வழி. பார்த்தவுடன் தற்காலிக விண்ணப்பம் போட்டு வீட்டைப் பிடித்து வைக்கலாம். பிறகு நேரில் பார்க்க, காகிதம் கொடுக்க, சில நாள் கெடு கிடைக்கும். ஒப்பந்தத்துக்கு முன் வேண்டாம் என்றால் அபராதம் இல்லை. பல வளாகங்களில் மேலாண்மை அலுவலகத்தில் சாவியை வாங்கிக்கொண்டு தனியாகவே போய்ப் பார்க்கலாம். பக்கத்தில் நின்று அவசரப்படுத்த ஆள் இல்லாதது அளவெடுக்க வசதி.

அளவெடுப்பது இங்கே உண்மையிலேயே முக்கியம். வரைபடத்தில் "6 ஜோ" என்று போட்டிருக்கும், அதாவது தரையில் ஆறு தத்தாமிப் பாய் விரிக்கும் அளவுள்ள அறை. பாயின் அளவு ஊருக்கு ஊர் வேறு. கியோத்தோ வகைப் பாய் 191க்கு 95.5 செ.மீ., டோக்கியோ வகை 176க்கு 88. டான்ச்சி எனப்படும் பழைய அடுக்குமாடி வளாகங்களில் பயன்படுத்திய பாய் 170க்கு 85 மட்டுமே. ஆகவே டான்ச்சியின் ஆறு பாய் அறை 255க்கு 340 செ.மீ., அதாவது 8.7 சதுர மீட்டர்கூட முழுசாக இல்லை. கியோத்தோ ஆறு பாய் அறை கிட்டத்தட்ட 11. காகிதத்தில் இரண்டும் ஒன்றே. கட்டிலும் அலமாரியும் இந்த வித்தியாசத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

கையில் டேப்போடு போகிறவர் பார்க்க வேண்டியவை இவை. சலவை இயந்திரம் வைக்கும் தட்டு பொதுவாக 64 செ.மீ. சதுரம், சில பழைய வீடுகளில் தட்டே இருக்காது, கழிவுநீர்க் குழாய் எங்கே என்று தேட வேண்டும். முன்பக்கத்தில் கதவு உள்ள இயந்திரத்துக்குத் தட்டு மட்டும் போதாது, கதவு திறக்கும் இடமும் வேண்டும். அடுப்பு மேடையின் அகலத்தைப் பாருங்கள். இரட்டை அடுப்புகள் 60 செ.மீ., 56 செ.மீ. என்று இரண்டு அளவில் வருகின்றன, சிறிய மேடையில் பெரியது உட்காராது. வாயு எந்த வகை என்பதையும் கேளுங்கள். டோக்கியோ நகர எரிவாயு 13ஏ வகை, புறநகர்களில் சில இடங்களில் சிலிண்டர் புரோபேன். ஒன்றுக்கான அடுப்பை இன்னொன்றில் மாட்டக்கூடாது. தீப்பிழம்பு தவறும், ஆபத்து. வாயு இணைப்பைத் திறக்கும் நாளில் வீட்டில் ஆள் இருந்தே ஆக வேண்டும், முன்பதிவில்லாமல் வரமாட்டார்கள். ஏசிக்குச் சுவரில் துளை இருக்கிறதா, தனி பிளக் இருக்கிறதா, அது 100 வோல்ட்டா 200 வோல்ட்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் ஒரே ஓர் அறையில்தான் ஏசி வைக்க வழியிருக்கும். திரைச்சீலைக்கு ஜன்னலை அளக்காதீர்கள், கம்பியிலிருந்து தரை வரை அளங்கள்.

ஏன் இவ்வளவு என்றால், யூஆர் கொடுப்பது பெரும்பாலும் வெறும் கூடு. அறை விளக்கு இல்லை, உத்தரத்தில் மாட்டும் கொக்கி பிளக் மட்டும் இருக்கும். அடுப்பு இல்லை, திரை இல்லை, பல வீடுகளில் ஏசியும் இல்லை. குடியேறும் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு இருட்டறையில் நிற்பது இங்கே புதியவர்களுக்கு வழக்கமான அனுபவம். ஒரு விளக்கு, ஓர் அடுப்பு, ஒரு திரை மூன்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு சாவியை வாங்குங்கள். முஜி, ஐக்கியா என்னும் வீட்டுப் பொருள் நிறுவனங்களோடு சேர்ந்து யூஆர் புதுப்பித்த வீடுகளும் உண்டு. சமையலறை அழகாக இருக்கும். ஆனால் அங்கேயும் சுவரும் தளமும் பழைய கட்டடத்துடையவைதான்.

மின்சாரத்தில் ஒரு கண் வையுங்கள். பழைய வளாகங்களில் மொத்த வீட்டுக்கும் 30 ஆம்பியர்தான் வரும், வயரிங் காரணமாக அதைக் கூட்டவும் முடியாமல் போகலாம். ஏசி, மைக்ரோவேவ், ரைஸ் குக்கர் மூன்றும் ஒன்றாக ஓடினால் இருட்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியை இங்குள்ள 100 வோல்ட்டில் நேரடியாகப் போட்டால் முனகும், அரைக்காது. 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்பார்மர் வைப்பது நல்லது, புறப்படும்போது மோட்டார் இழுக்கும் மின்சாரம் அதிகம். சுவர் பிளக் ஒன்றின் உச்சவரம்பே 15 ஆம்பியர், அதாவது 1500 வாட் என்பதால் அதே பிளக்கில் வேறெதையும் சொருகக்கூடாது. டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், நம் ஊர் போலவே. ஒசாகா பக்கம் 60 என்பதால் அங்கே கிரைண்டர் சற்று வேகமாகச் சுற்றும். பழைய தளங்கள் மெல்லியவை, விடியற்காலையில் மாவாட்டினால் கீழ்வீட்டுக்காரர் எழுந்துவிடுவார்.

மாடி விஷயத்துக்கு வருவோம். ஐந்து மாடி, லிப்ட் இல்லாத கட்டடங்கள் யூஆரில் ஏராளம். ஐந்தாம் மாடி வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். குளிர்சாதனப் பெட்டியை ஏற்ற மூட்டைக்காரர்கள் கூடுதல் கூலி கேட்பார்கள், படிக்கட்டு திரும்பும் இடத்தின் அகலத்தையும் அளந்து சொல்ல வேண்டியிருக்கும். குழந்தை வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டாம் மாடிக்கு மேல் யோசிக்காமல் இருப்பதே மேல். நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை 1981 ஜூனில் வந்த புதிய விதிக்கு முந்தைய கட்டடம் என்றவுடன் பயந்து ஓட வேண்டாம். சுவரே பாரம் தாங்கும் பெட்டி வடிவ ஐந்து மாடிக் கட்டடங்கள் உறுதியானவை. கட்டடவாரியான ஆய்வு முடிவுகளை யூஆர் இணையத்தில் வெளியிட்டிருக்கிறது, பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம்.

எல்லா மதிப்பெண்ணையும் குறைப்பது ஈரம். கான்கிரீட் சுவர், காப்புப் படலம் குறைவு, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். குளிர்காலத்தில் உள்ளே சமையல் ஆவியும் ஹீட்டர் சூடும் சேர, வடக்குச் சுவரிலும் ஜன்னலிலும் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். துடைக்காமல் விட்டால் இரண்டே வாரத்தில் கறுப்புப் பூஞ்சை. படுக்கையைச் சுருட்டி வைக்கும் சுவரலமாரியின் பின்மூலைதான் முதலில் பாழாகும். பார்க்கப் போகும்போதே அந்த மூலையில் மூக்கை வையுங்கள், மணமே சொல்லிவிடும். குடியேறியபின் அலமாரியைச் சுவரிலிருந்து ஐந்து செ.மீ. தள்ளி வைப்பதும், அடுப்பெரியும்போது புகைபோக்கி விசிறியை ஓடவிடுவதும், காலையில் ஜன்னலைத் துடைப்பதும் தவிர வேறு மருந்தில்லை. தரைத்தளமும் கடைசி மாடியும் இதில் மோசம்.

இந்தியர்கள் திரளும் எடோகாவா வார்டின் நிஷி-கசாய் பக்கம் யூஆர் வளாகங்கள் பல உண்டு. கோத்தோ வார்டின் ஒஜிமாவிலும் அப்படியே. இந்தியப் பள்ளிகள், மளிகைக் கடைகள், நிஷி-கசாயிலிருந்து டோசாய் ரயிலில் அலுவலக மையமான ஓத்தேமாச்சிக்கு நேர்வழி என்று ஈர்ப்புக்குக் காரணங்கள் தெளிவு. ஆனால் இரண்டு விஷயங்களை ஆள் சேர்ப்பவர்கள் சொல்லமாட்டார்கள். ஒன்று, அந்த டோசாய் ரயில். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் காலை நெரிசல் ரயிலின் கொள்ளளவில் 199 விழுக்காடு, நாட்டிலேயே முதலிடம். இன்னொன்று, தண்ணீர். எடோகாவாவின் பெரும்பகுதி கடல் ஏற்றத்தின்போது உள்ள நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. 2019ல் அந்த வார்டு நிர்வாகமே வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையில் தன் ஊரைக் காட்டி "இங்கே இருக்கக்கூடாது" என்று அச்சிட்டது. ஒரு நிர்வாகம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது அபூர்வம், மதித்துக் கேளுங்கள். அங்கே வீடெடுப்பவருக்கு மேல் மாடியின் படிக்கட்டுக் கஷ்டம் வேறு கணக்கில் வரும். 2020 ஆகஸ்ட் முதல், வீடு காட்டும் இடைத்தரகர்கள் அந்த வீடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம்.

தள்ளுபடித் திட்டங்களில் ஒரு கண்ணி உண்டு. 35 வயதுக்குட்பட்டோருக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள குடும்பங்களுக்கும் குறைந்த வாடகை என்று விளம்பரம் வரும். இவை மூன்று வருட நிலைக்கால ஒப்பந்தங்கள், தானாக நீளாது. யூஆரின் சிறப்பே நீளும் ஒப்பந்தம் என்னும்போது, பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ளவர்கள் இதில் கையெழுத்திடுமுன் மூன்று வருடம் முடிந்ததும் எங்கே போவது என்று யோசிக்க வேண்டும். ஒன்றிரண்டு மாதம் வாடகையில்லை என்னும் சலுகை அப்படிப்பட்டதல்ல, தாராளமாக எடுக்கலாம். இன்னொரு வகை, முன்பு இருந்தவர் வீட்டுக்குள் இறந்துபோன வீடுகள். காரணத்தைச் சொல்லியே கொடுக்கிறார்கள், ஓரிரு வருடத்துக்குப் பாதி வாடகை. நம்பிக்கை குறுக்கே வராதவர்களுக்கு நகர மையத்தில் இதைவிட மலிவு கிடையாது.

இணைய இணைப்பு பற்றிச் சுருக்கமாக: கட்டடம் வரை பைபர் வந்தாலும் வீட்டுக்குள் பழைய தொலைபேசிக் கம்பி வழியே வந்தால் 100 மெகாபிட்டுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் வளாகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

வாடகையோடு மாதாமாதம் பொதுப் பராமரிப்புப் பணம் தனி, அது கட்டாயம். குடியிருப்போர் சங்கச் சந்தா வேறு, விருப்பம் சார்ந்தது. ஆனால் குப்பைக் கூடத்தைச் சுத்தம் செய்யும் முறை, சைக்கிள் ஸ்டிக்கர் போன்ற செய்திகள் பல இடங்களில் சங்கத்தின் வழியேதான் வரும், மாதம் சில நூறு யென்னுக்குச் சேர்ந்துவிடுவது லாபம். வந்து தங்கும் உறவினர் நீண்டநாள் இருப்பார் என்றால் அலுவலகத்தில் தெரிவித்து அனுமதி வாங்குங்கள். நாய் பூனைக்கு அதற்கென்று ஒதுக்கிய வளாகங்களில் மட்டுமே இடம்.

காலி செய்வதற்கு 14 நாள் முன்னறிவிப்பு போதும். தனியாரில் வழக்கமாக ஒரு மாதம். வாடகையும் நாள்கணக்கில்தான். ஆய்வாளர் வந்து சுவர், தரை, அடுப்பங்கரை பார்ப்பார். வெயிலில் மங்கிய பாய், கட்டில் கால் பதிந்த தடம் போன்ற இயல்பான தேய்மானம் வீட்டுக்காரர் செலவு என்பது 2020 ஏப்ரலில் திருத்திய சிவில் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. துடைக்காமல் விட்ட பூஞ்சையும், அடுப்புக்குப் பின் சுவரில் உறைந்த எண்ணெய்ப் படலமும் குடியிருந்தவர் கணக்கு. தாளிக்கும் சமையலறைகளில் அட்வான்ஸ் குறைவது இந்த ஒரு சுவரால்தான். குடியேறிய அன்றே அடுப்பைச் சுற்றி அலுமினியத் தகடு நிறுத்தி, புகைபோக்கிக்கு வடிகட்டித் தாள் ஒட்டுங்கள், இரண்டும் நூறு யென் கடையில் கிடைக்கும். உள்ளே நுழைந்த நாளில் ஏற்கெனவே இருந்த கறைகளையும் கீறல்களையும் தேதியோடு படமெடுத்து, கொடுக்கும் படிவத்தில் எழுதி, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.